ஐந்து கார்பன், பத்து ஹைட்ரஜன்: மாற்றியங்கள் எத்தனை?

கேள்வி: பதினோராம் வகுப்பில் ஹைட்ரோகார்பன்களின் மாற்றியம் படிக்கிறேன். 5 கார்பனும் 10 ஹைட்ரஜனும் கொண்ட மூலக்கூறு வாய்பாட்டுக்கு எத்தனை மாற்றியங்கள் என்று தேடினால் ஓரிடத்தில் 5 என்கிறார்கள்; வேறு இடங்களில் 6, 10, 12, 13 என்றெல்லாம் இருக்கிறது. எது சரி? படத்தை மாற்றி மாற்றி வரையும்போது எது புதிய சேர்மம், எது பழையதே என்பதும் பிடிபடவில்லை. இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்:

நீங்கள் பார்த்த ஐந்து எண்களும் சரி. அவை ஐந்து வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். எதை எண்ணுகிறோம் என்று சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் எழுதிவைத்ததால் வந்த குழப்பம் இது. ஐந்தையும் பிறகு ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறேன். முதலில் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எது புதிய சேர்மம், எது பழையது என்று தெரிந்துவிட்டால் எண்ணிக்கை தானாக வந்துவிடும்.

ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்ட வெவ்வேறு சேர்மங்களே மாற்றியங்கள். பாடநூல்கள் இப்படி வரையறுத்த அடுத்த வரியிலேயே வகைகளுக்குத் தாவிவிடுகின்றன: சங்கிலி மாற்றியம், இட மாற்றியம், வினைச்செயல் தொகுதி மாற்றியம், வளையச் சங்கிலி மாற்றியம், வடிவ மாற்றியம், ஒளியியல் மாற்றியம். இந்த வரிசையில் தொடங்கும் மாணவர் பெயர்களை ஒப்பிப்பார், சேர்மங்களை அடையாளம் காண மாட்டார். வகைகளைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு இந்த ஒரே சோதனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே மூலக்கூறு வாய்பாடு உள்ள இரண்டு படங்கள் முன்னால் இருக்கின்றன. முதல் மூலக்கூற்றைச் சுழற்றலாம், புரட்டலாம், ஒற்றைப் பிணைப்புகளைத் திருகலாம். எந்தப் பிணைப்பையும் முறிக்கக் கூடாது. இவ்வளவுக்குள் அதை இரண்டாவது படமாக மாற்ற முடிந்தால் இரண்டும் ஒரே சேர்மம். ஒரு பிணைப்பையாவது முறித்தால்தான் முடியும் என்றால் அவை மாற்றியங்கள்.

பியூட்டேனில் முயன்று பாருங்கள். 4 கார்பன், 10 ஹைட்ரஜன். நான்கு கார்பன்களை நேர்கோட்டில் வரையலாம், ஏற்ற இறக்கமாக வரையலாம், கடைசிக் கார்பனைக் கீழே மடக்கிக் கொக்கிபோல் வரையலாம், நான்கையும் ஒரு பெட்டியின் மூன்று பக்கங்களாகவும் வரையலாம். நான்கு படம், ஒரே பியூட்டேன். கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பு சுழலக்கூடியது. ஈத்தேனில் அந்தச் சுழற்சிக்கு ஒரு மோலுக்குச் சுமார் 12 கிலோஜூல் தடைதான் இருக்கிறது. அறை வெப்பநிலையில் மூலக்கூறு இந்தத் தடையை விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை தாண்டுகிறது. இப்படிச் சுழற்சியால் மட்டும் வேறுபடும் வடிவங்களை வச அமைப்புகள் என்கிறோம். அவற்றைத் தனித்தனிக் குப்பியில் பிரித்துவைக்க முடியாது.

இப்போது நடுக் கார்பன் ஒன்றுடன் மற்ற மூன்று கார்பன்களும் இணையும்படி வரையுங்கள். நேர்ச்சங்கிலியில் எந்தக் கார்பனுக்கும் இரண்டுக்கு மேல் கார்பன் அண்டைகள் இல்லை. இங்கே ஒரு கார்பனுக்கு மூன்று இருக்கின்றன. எவ்வளவு திருகினாலும் அண்டைகளின் எண்ணிக்கை மாறாது. ஒரு கார்பனை வெட்டி எடுத்து வேறிடத்தில் ஒட்டினால்தான் முடியும். ஆகவே இது வேறு சேர்மம்: 2-மெத்தில்புரோப்பேன், வழக்கில் ஐசோபியூட்டேன். நேர் பியூட்டேன் -0.5 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, ஐசோபியூட்டேன் -11.7 டிகிரியில். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் ஒட்டியிருக்கும் தாளில் ஆர்-600ஏ என்று இருந்தால் உள்ளே குளிர்விப்பது ஐசோபியூட்டேன். சமையல் எரிவாயு உருளையிலோ புரோப்பேனுடன் இந்த இரண்டு பியூட்டேன்களும் கலந்திருக்கின்றன.

படங்களை மனத்தில் சுழற்றிப் பார்க்க எல்லோருக்கும் வராது. அதற்கு ஒரு மாற்றுவழி, சேர்மங்களுக்குப் பெயரிடும் பன்னாட்டு முறையான ஐயுபிஏசி முறைப்படி பெயர் வைப்பது. சரியாக வைத்த இரண்டு பெயர்கள் ஒன்றாக இருந்தால் சேர்மமும் ஒன்றுதான். 'சரியாக' என்ற சொல்லில்தான் சிக்கல். '2-எத்தில்புரோப்பேன்' என்று எழுதும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அப்படி ஒரு பெயரே இருக்க முடியாது. இரண்டு கார்பன் கொண்ட எத்தில் கிளையையும் சேர்த்து எண்ணினால் மிக நீண்ட சங்கிலியில் நான்கு கார்பன்கள் வரும், அது 2-மெத்தில்பியூட்டேன். '4-மெத்தில்பென்டேன்' என்பதும் அப்படித்தான். மறு முனையிலிருந்து எண்ணினால் 2-மெத்தில்பென்டேன். தாளில் நேராகக் கிடப்பதுதான் முதன்மைச் சங்கிலி என்று கண் நம்பிவிடுகிறது. முதன்மைச் சங்கிலி வளைந்தும் போகும்.

பென்டேனில் மூன்று மாற்றியங்கள். நேர் பென்டேன் 36.1 டிகிரியிலும் 2-மெத்தில்பியூட்டேன் 27.8 டிகிரியிலும் 2,2-டைமெத்தில்புரோப்பேன் 9.5 டிகிரியிலும் கொதிக்கின்றன. கிளை கூடக்கூட மூலக்கூறு உருண்டையாகிறது, பக்கத்து மூலக்கூற்றைத் தொடும் பரப்பு குறைகிறது, இடையே உள்ள வாண்டர்வால்ஸ் ஈர்ப்பும் குறைகிறது. அதனால் கொதிநிலை இறங்குகிறது. இவ்வளவு எல்லாப் புத்தகங்களிலும் உண்டு. உருகுநிலையைத்தான் பலர் கவனிப்பதில்லை. அந்த மூன்றுக்கும் உருகுநிலை முறையே -129.7, -159.9, -16.6 டிகிரி. மிகக் குறைந்த வெப்பநிலையில் கொதிக்கும் மாற்றியம் மிக அதிக வெப்பநிலையில் உருகுகிறது! காரணம் வேறு. உருகுநிலையைத் தீர்மானிப்பதில் படிகத்துக்குள் மூலக்கூறுகள் எவ்வளவு ஒழுங்காக அடுக்கப்படும் என்பதற்கும் பெரும் பங்கு உண்டு. 2,2-டைமெத்தில்புரோப்பேன் எல்லாத் திசையிலும் ஒரேபோல் இருப்பதால் எளிதாக அடுக்கில் அமைந்துவிடுகிறது. 8 கார்பனில் இது உச்சத்துக்குப் போகிறது. நேர் ஆக்டேன் -57 டிகிரியில் உருகும் நீர்மம். அதன் மாற்றியமான 2,2,3,3-டெட்ராமெத்தில்பியூட்டேன் ஏறத்தாழ 100 டிகிரியில் உருகும் திண்மம். இரண்டிலும் 8 கார்பன், 18 ஹைட்ரஜன்.

ஆல்கேன், அதாவது வளையமின்றி ஒற்றைப் பிணைப்புகள் மட்டும் கொண்ட ஹைட்ரோகார்பன். அதன் மாற்றியங்களை ஒழுங்காக எண்ண ஹெக்சேனை எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஆறு கார்பன் சங்கிலி: ஒன்று. பிறகு ஐந்து கார்பன் சங்கிலி, ஒரு மெத்தில் (ஒரு கார்பன்) கிளை. கிளையை 2-இலும் வைக்கலாம், 3-இலும் வைக்கலாம். முனையில் வைத்தால் அது கிளையல்ல, சங்கிலியின் நீட்சி. ஆக இரண்டு. அடுத்து நான்கு கார்பன் சங்கிலி, இரண்டு மெத்தில் கிளைகள்: 2,2 அல்லது 2,3. மூன்று கார்பன் சங்கிலியில் இடம் போதாது. மொத்தம் 5. சங்கிலியை ஒவ்வொரு கார்பனாகக் குறைத்துக்கொண்டு வரும் இந்த முறையில் விட்டுப்போவதும் இரட்டிப்பதும் குறையும். ஹெப்டேனுக்கு 9, ஆக்டேனுக்கு 18, 10 கார்பன் கொண்ட டெக்கேனுக்கு 75. அதன்பிறகு கையால் எண்ணும் ஆசையை விட்டுவிடுங்கள். 20 கார்பனுக்கு 3,66,319. 30 கார்பனுக்கு 411 கோடிக்கும் மேல். இத்தனை சேர்மங்களையும் யாரும் தயாரித்ததில்லை. இவற்றில் பெரும்பாலானவை கணக்கில் மட்டும் இருப்பவை.

இந்தக் கணக்கு பெரிய கணித மேதைகளையே தடுமாறவைத்திருக்கிறது. ஆர்தர் கெய்லி என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1870-களில் ஆல்கேன்களைக் கிளைவிடும் மர வரைபடங்களாகப் பாவித்து எண்ணினார். கணிதத்தில் இந்த மரங்களைப் பற்றிய ஆய்வு வளர்ந்ததில் வேதியியலின் இந்தக் கேள்விக்கும் பங்கு உண்டு. 12 கார்பனுக்கு 357 என்றும் 13 கார்பனுக்கு 799 என்றும் அவர் சொன்னார். சரியான விடைகள் 355, 802. ஹெப்டேனில் ஒன்றைத் தவறவிட்டால் மனம் தளர வேண்டியதில்லை.

எண்ணுவதோடு இது முடிந்துவிடவில்லை. பெட்ரோல் விற்கும் இடத்தில் காணும் ஆக்டேன் எண் என்பதே இரண்டு ஹைட்ரோகார்பன்களை அளவுகோலாக வைத்தது. ஆக்டேனின் மாற்றியமான 2,2,4-டிரைமெத்தில்பென்டேனுக்கு 100. நேர் ஹெப்டேனுக்கு 0. கிளை நிறைந்த மூலக்கூறு எஞ்சினுக்குள் அழுத்தத்தைத் தாங்கி, தீப்பொறி வரும்வரை காத்திருந்து எரிகிறது. நேர்ச்சங்கிலி அதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொண்டு நாக்கிங் ஓசையை உண்டாக்குகிறது. நேர் பென்டேனின் ஆக்டேன் எண் சுமார் 62. அதன் மாற்றியமான 2-மெத்தில்பியூட்டேனுடையது சுமார் 92. அதனால்தான் சுத்திகரிப்பு ஆலைகளில் பிளாட்டினம் கலந்த வினையூக்கிகளின் மேல் நேர்ச்சங்கிலிகளைச் செலுத்தி, கிளைச்சங்கிலிகளாக மாற்றும் தனிப்பிரிவே இருக்கிறது. அங்கே பிணைப்புகள் முறிந்து வேறுவிதமாகச் சேர்கின்றன. நம் சோதனை சொல்வதும் அதைத்தான்: முறிக்காமல் மாற்றமில்லை.

ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, வேறு பொருள் என்பதை வேதியியலாளர்கள் எளிதில் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1820-களில் ஜெர்மனியின் லீபிக் வெடிக்கக்கூடிய சில்வர் ஃபல்மினேட்டையும் வோலர் அமைதியான சில்வர் சயனேட்டையும் பகுத்தாய்ந்தார்கள். இயைபு ஒன்றாகவே வந்தது. ஒருவருடைய ஆய்வில் பிழை என்றுதான் முதலில் எண்ணினார்கள். பிழையில்லை என்று உறுதியான பிறகு 1830-இல் சுவீடனின் பெர்சீலியஸ் இதற்கு ஐசோமெரிசம் என்று பெயரிட்டார். அணுக்களின் எண்ணிக்கை போதாது, அவை கோக்கப்பட்ட விதமும் வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

இனி உங்கள் வாய்பாட்டுக்கு வரலாம். 5 கார்பன் கொண்ட ஆல்கேனில் 12 ஹைட்ரஜன் இருக்க வேண்டும். கார்பன் எண்ணிக்கையை இரட்டித்து 2 கூட்டினால் கிடைப்பது. உங்களிடம் இருப்பது 10. இரண்டு குறைகிறது. ஒவ்வொரு இரண்டு ஹைட்ரஜன் குறைவுக்கும் ஓர் இரட்டைப் பிணைப்போ ஒரு வளையமோ இருக்கிறது என்று பொருள். முப்பிணைப்பு நான்கு ஹைட்ரஜனைக் குறைக்கும். படம் வரையத் தொடங்கும் முன் இந்தக் கழித்தலைச் செய்துவிடுங்கள். மாணவர்கள் விடையில் பாதியைத் தொலைப்பது இங்கேதான்: இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீன்களை எழுதிவிட்டு வளையங்களை மறந்துவிடுவார்கள்.

இந்தக் கழித்தலின் வலிமையைக் காட்ட ஒரு பெரிய வாய்பாட்டை எடுத்துக்கொள்கிறேன். தக்காளிக்குச் சிவப்பு தரும் லைக்கோப்பீனும் கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டீனும் ஹைட்ரோகார்பன்களே. இரண்டிலும் 40 கார்பன், 56 ஹைட்ரஜன். 40 கார்பனுக்கு 82 ஹைட்ரஜன் வேண்டும், 26 குறைகிறது, அதாவது இரண்டிரண்டாக 13 அலகுகள். லைக்கோப்பீனில் வளையம் இல்லை, 13 இரட்டைப் பிணைப்புகள். பீட்டா கரோட்டீனில் 11 இரட்டைப் பிணைப்புகளும் இரு முனைகளிலும் ஒவ்வொரு வளையமும். கூட்டினால் அதே 13. நம் உடல் பீட்டா கரோட்டீனிலிருந்து வைட்டமின் ஏ தயாரிக்கும். லைக்கோப்பீனிலிருந்து முடியாது, அந்த முனை வளையம் அதற்குத் தேவை. ஆரஞ்சுத் தோலின் லிமோனீனும் டர்பன்டைனில் உள்ள பைனீனும் 10 கார்பன், 16 ஹைட்ரஜன் கொண்டவை. குறைவு 3 அலகு. லிமோனீனில் ஒரு வளையமும் இரண்டு இரட்டைப் பிணைப்பும், பைனீனில் இரண்டு வளையமும் ஓர் இரட்டைப் பிணைப்பும் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த இணை இன்னொன்று. துணி அலமாரியில் போடும் அந்துருண்டையின் நாப்தலீன் வெள்ளை நிறம். அதே 10 கார்பன், 8 ஹைட்ரஜன் கொண்ட அசுலீன் கருநீலம். முன்னதில் இரண்டு ஆறு கார்பன் வளையங்கள் ஒட்டியிருக்கின்றன. பின்னதில் ஓர் ஐந்தும் ஓர் ஏழும்.

ஆல்கீனில் முதல் வேறுபாடு, இரட்டைப் பிணைப்பின் இடம். பென்ட்-1-ஈன், பென்ட்-2-ஈன் ஆகியவை இட மாற்றியங்கள். பென்ட்-3-ஈன் என்று ஒன்று இல்லை. மறுமுனையிலிருந்து எண்ணினால் அது 2 ஆகிவிடும். கிளைச்சங்கிலியில் மூன்று: 2-மெத்தில்பியூட்-1-ஈன், 3-மெத்தில்பியூட்-1-ஈன், 2-மெத்தில்பியூட்-2-ஈன். 2,2-டைமெத்தில்புரோப்பேன் கூட்டில் இரட்டைப் பிணைப்புக்கு வழியே இல்லை. நடுக் கார்பனின் நான்கு கைகளும் ஏற்கெனவே நான்கு கார்பன்களிடம் சிக்கியிருக்கின்றன. ஆக ஆல்கீன் அமைப்பு மாற்றியங்கள் 5. நீங்கள் பார்த்த முதல் எண் இதுதான்.

இரட்டைப் பிணைப்பு சுழலாது என்பதால் இன்னொரு பிரிவு உண்டாகிறது. இரட்டைப் பிணைப்பில் ஒன்று சிக்மா, ஒன்று பை. பை பிணைப்பு இரு கார்பன்களின் பி ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான்கள் இருக்கும் பகுதிகள்) பக்கவாட்டில் மேற்பொருந்துவதால் வருகிறது. ஒரு கார்பனை 90 டிகிரி திருப்பினால் அந்தப் பொருத்தம் அறுந்துவிடும். பியூட்-2-ஈனில் இப்படித் திருப்ப மோலுக்கு ஏறக்குறைய 260 கிலோஜூல் வேண்டும். ஈத்தேனின் 12-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கேயும் அதே சோதனைதான் வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். முனை மெத்தில்கள் இரண்டும் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கம் உள்ள சிஸ் வடிவத்திலிருந்து, எதிர்ப்பக்கங்களில் உள்ள டிரான்ஸ் வடிவத்துக்குப் போக பை பிணைப்பை முறிக்க வேண்டும், ஆகவே அவை வெவ்வேறு சேர்மங்கள். சிஸ் பியூட்-2-ஈன் 3.7 டிகிரியிலும் டிரான்ஸ் 0.9 டிகிரியிலும் கொதிக்கின்றன. உருகுநிலை முறையே -139, -106 டிகிரி. சிஸ்ஸில் சிறிய இருமுனைத் திருப்புத்திறன் (மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருத்தல்) இருப்பதால் கொதிநிலை சற்று அதிகம். டிரான்ஸ் படிகத்தில் நன்றாக அடுக்கப்படுவதால் உருகுநிலை அதிகம். பென்டேன் மாற்றியங்களில் பார்த்த அதே இரட்டைக் கதை.

எல்லா ஆல்கீனுக்கும் வடிவ மாற்றியம் வராது. இரட்டைப் பிணைப்பின் இரண்டு கார்பன்களையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள இரண்டு தொகுதிகள் ஒன்றுக்கொன்று வேறாக இருக்க வேண்டும். ஒரு கார்பனில் இரண்டும் ஒன்றாக இருந்தாலும் மாற்றியம் இல்லை. பென்ட்-1-ஈனின் முனைக் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன். இடம் மாற்றினாலும் அதே மூலக்கூறு. நம் ஐந்து ஆல்கீன்களில் பென்ட்-2-ஈன் மட்டுமே தேறுகிறது. அது இரண்டாகப் பிரிவதால் 5 என்பது 6 ஆகிறது. உங்கள் இரண்டாவது எண்.

சிஸ், டிரான்ஸ் வேறுபாட்டைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் பால்வெட்டி எடுக்கும் இயற்கை ரப்பர், ஐந்து கார்பன் கொண்ட ஐசோப்பிரீன் அலகுகள் சிஸ் அமைப்பில் கோத்த பெருமூலக்கூறு. அதே அலகுகள் டிரான்ஸ் அமைப்பில் கோத்தால் அது கட்டாபெர்ச்சா. மலாய்த் தீவுகளின் மரங்களில் கிடைப்பது. இழுத்தால் நீளாது, இறுகியிருக்கும், சூடாக்கினால் இளகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அதைத்தான் உறையிட்டார்கள். இன்றும் பல் மருத்துவர்கள் வேர்ச்சிகிச்சையில் பல்லின் உட்குழியை அடைப்பது கட்டாபெர்ச்சாவைக் கொண்டுதான். சிஸ் சங்கிலி மடங்கி மடங்கிக் கிடப்பதால் இழுபடும். டிரான்ஸ் சங்கிலி நேராக நீண்டு பக்கத்துச் சங்கிலியோடு படிகமாகிவிடும்.

அடுத்து வளையங்கள். ஐந்து கார்பனையும் வளையமாக்கினால் சைக்ளோபென்டேன். நான்கு கார்பன் வளையத்தில் ஒரு மெத்தில்: மெத்தில்சைக்ளோபியூட்டேன். மூன்று கார்பன் வளையத்தில் ஓர் எத்தில், அல்லது ஒரே கார்பனில் இரண்டு மெத்தில், அல்லது அடுத்தடுத்த கார்பன்களில் இரண்டு மெத்தில்: எத்தில்சைக்ளோபுரோப்பேன், 1,1-டைமெத்தில்சைக்ளோபுரோப்பேன், 1,2-டைமெத்தில்சைக்ளோபுரோப்பேன். '1,3' எழுத வேண்டாம். மூன்று கார்பன் வளையத்தில் எல்லோரும் எல்லோருக்கும் அண்டை. ஆக வளையங்கள் 5, ஆல்கீன்கள் 5, அமைப்பு மாற்றியங்கள் மொத்தம் 10.

வளையத்துக்குள்ளும் பிணைப்புகள் முழுச் சுற்று சுற்ற முடியாது; வளையம் அறுந்துவிடும். அதனால் 1,2-டைமெத்தில்சைக்ளோபுரோப்பேனில் இரண்டு மெத்தில்களும் வளையத்தின் ஒரே பக்கம் இருந்தால் சிஸ், எதிர்ப்பக்கங்களில் இருந்தால் டிரான்ஸ். வடிவ மாற்றியம் இரட்டைப் பிணைப்புக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை இங்கே விட்டுவிட வேண்டும். 10 அமைப்புகளில் பென்ட்-2-ஈனும் இதுவும் இரண்டிரண்டாகப் பிரிவதால் 12.

பதின்மூன்றாவது, ஆடிப்பிம்பத்திலிருந்து வருகிறது. இடக்கால் செருப்பும் வலக்கால் செருப்பும் ஒன்றின் ஆடிப்பிம்பம் மற்றொன்று. ஆனால் ஒன்றை மற்றொன்றாகத் திருப்பிப் போட முடியாது. சில மூலக்கூறுகளும் அப்படி. டிரான்ஸ்-1,2-டைமெத்தில்சைக்ளோபுரோப்பேனைக் கண்ணாடியில் பார்த்து, அந்தப் பிம்பத்தை எப்படித் திருப்பினாலும் மூல வடிவத்தின் மேல் பொருந்தாது. ஆகவே அது இரண்டு சேர்மங்கள். தளமுனைவுற்ற (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியை ஒன்று வலப்புறமும் மற்றொன்று இடப்புறமும் அதே அளவு திருப்பும். சிஸ் வடிவத்துக்கோ நடுவே ஒரு சமச்சீர்த் தளம் ஓடுகிறது, அதன் பிம்பம் அதுவேதான். ஆக 13. ஒன்றை மற்றொன்றாக்க இங்கேயும் ஒரு பிணைப்பை முறித்தாக வேண்டும் என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆல்கேன்களில் இந்தத் தன்மை 7 கார்பனில்தான் முதலில் தலைகாட்டுகிறது. 3-மெத்தில்ஹெக்சேனின் மூன்றாம் கார்பனில் ஹைட்ரஜன், மெத்தில், எத்தில், புரோப்பில் என்று நான்கும் வேறு. 2,3-டைமெத்தில்பென்டேனிலும் அப்படி ஒரு கார்பன் உண்டு. அதனால் ஹெப்டேனுக்கு அமைப்பு மாற்றியங்கள் 9, ஆடிப்பிம்பங்களையும் சேர்த்தால் 11. நான்கு வெவ்வேறு தொகுதிகள் கொண்ட கார்பன் இல்லாமலேயே இப்படி ஆடிப்பிம்பத்தோடு பொருந்தாத கைரல் தன்மை வருவதும் உண்டு. இரண்டு இரட்டைப் பிணைப்புகள் அடுத்தடுத்து இருக்கும் ஆல்லீன்களில் அது சாத்தியம் என்று டச்சு வேதியியலாளர் வாண்ட் ஹாஃப் 1875-இல் தாளில் காட்டினார். 1935-இல்தான் மெய்ட்லண்டும் மில்ஸும் அத்தகைய ஒரு சேர்மத்தைச் செய்துகாட்டினார்கள். அதுவும் ஒரு ஹைட்ரோகார்பன்தான்.

வாண்ட் ஹாஃப் பெயர் வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், பாடநூல்கள் இதைப் போதிய அளவு சொல்வதில்லை. எக்ஸ்-கதிர்ப் படங்கள் எதுவும் இல்லாத காலத்தில் மூலக்கூற்றின் வடிவத்தைக் கண்டுபிடித்தது மாற்றியங்களை எண்ணித்தான். கார்பனின் நான்கு பிணைப்புகளும் ஒரே தளத்தில் சதுரமாக இருந்தால் டைகுளோரோமீத்தேனுக்கு இரண்டு மாற்றியங்கள் இருக்க வேண்டும்: குளோரின்கள் அடுத்தடுத்து, அல்லது எதிரெதிரே. கிடைத்ததோ ஒன்றே ஒன்று. நான்முகியின் மூலைகளில் பிணைப்புகளை வைத்தால் எந்த இரண்டு மூலையும் அண்டை மூலைகள்தான், ஆகவே ஒன்றுதான் வரும். 1874-இல், 22 வயதில், அவர் இந்த முடிவை வெளியிட்டார். பிரான்சில் லெ பெல் தனியாக அதே ஆண்டில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். பென்சீனிலும் அப்படித்தான். ஒற்றை, இரட்டைப் பிணைப்புகள் மாறி மாறி நிலையாக இருந்தால், வளையத்தின் அடுத்தடுத்த கார்பன்களில் இரண்டு மெத்தில் தாங்கிய ஆர்த்தோ சைலீனில் இரண்டு வகை வேண்டும்: மெத்தில் தாங்கிய கார்பன்களுக்கு இடையே ஒற்றைப் பிணைப்பு உள்ளது ஒன்று, இரட்டைப் பிணைப்பு உள்ளது இன்னொன்று. ஒன்றுதான் இருக்கிறது. இந்தச் சிக்கலுக்காகவே 1872-இல் ஜெர்மானிய வேதியியலாளர் கெக்குலே, பிணைப்புகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. இன்று அதை உடனிசைவு, அதாவது பிணைப்பு எலக்ட்ரான்கள் வளையம் முழுவதும் பரவியிருப்பது, என்று விளக்குகிறோம்.

சைலீன்கள் மூன்றும் தொழிலில் தலைவலி தருபவை: மெத்தில்கள் அடுத்தடுத்து இருந்தால் ஆர்த்தோ, ஒரு கார்பன் விட்டு இருந்தால் மெட்டா, எதிரெதிரே இருந்தால் பாரா. ஆர்த்தோ 144, மெட்டா 139, பாரா 138 டிகிரியில் கொதிக்கின்றன. மெட்டாவையும் பாராவையும் காய்ச்சி வடித்துப் பிரிப்பது நடைமுறையில் முடியாத காரியம். ஆனால் பாரா 13 டிகிரியிலேயே உறைந்துவிடும், மெட்டாவுக்கு -48 வரை போக வேண்டும். முன்பு குளிர்வித்துப் படிகமாக்கிப் பிரித்தார்கள். இப்போது பெரும்பாலும் பாராவை மட்டும் பிடித்துக்கொள்ளும் சியோலைட்டுகள் என்ற நுண்துளைத் திண்மங்களைப் பயன்படுத்துகிறார்கள். பாலியெஸ்டர் துணிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் வேண்டிய டெரிப்தாலிக் அமிலம் பாராவிலிருந்துதான் வருகிறது.

தேர்வுக்கு ஒரு வார்த்தை. கேள்வியில் உள்ள பெயரடைகளை அடிக்கோடிடுங்கள். 2009-ஆம் ஆண்டு ஐஐடி நுழைவுத் தேர்வில் உங்கள் வாய்பாட்டுக்கே கேள்வி வந்தது: வளைய அமைப்பு மாற்றியங்களும் புறவெளி (வடிவ, ஒளியியல்) மாற்றியங்களும் சேர்த்து எத்தனை? விடை 7. மேலே எண்ணிய ஐந்து வளையங்களில் ஒன்று மூன்றாகப் பிரிகிறது, அவ்வளவுதான். அமைப்பைக் கண்டுபிடிக்கும் கேள்விகளில் குளோரினேற்றம், அதாவது ஹைட்ரஜனுக்குப் பதில் குளோரினைப் புகுத்துவது, அடிக்கடி வரும். 5 கார்பன், 12 ஹைட்ரஜன் கொண்ட ஓர் ஆல்கேன் ஒரே ஒரு மோனோகுளோரோ (ஒரு குளோரின் உள்ள) சேர்மத்தைத் தருகிறது என்றால் அதன் ஹைட்ரஜன்கள் எல்லாம் ஒரே வகை, அது 2,2-டைமெத்தில்புரோப்பேன். நேர் பென்டேன் மூன்று அமைப்புகளைத் தரும், 2-மெத்தில்பியூட்டேன் நான்கைத் தரும். ஆல்கீனா வளையமா என்று சோதிக்க புரோமின் நீர்: பென்ட்-1-ஈன் நிறத்தை நீக்கும், சைக்ளோபென்டேன் நீக்காது.

இதே முறையில் 4 கார்பன், 6 ஹைட்ரஜனை நீங்களே செய்து பாருங்கள். குறைவு நான்கு ஹைட்ரஜன், இரண்டு அலகு. வளையமில்லாதவை நான்கு: பியூட்-1-ஐன், பியூட்-2-ஐன், பியூட்டா-1,2-டையீன், பியூட்டா-1,3-டையீன். முதல் இரண்டையும் அம்மோனியா கலந்த சில்வர் நைட்ரேட் பிரித்துவிடும். முனையில் முப்பிணைப்பு உள்ள பியூட்-1-ஐன் மட்டும் வெள்ளை வீழ்படிவு தரும். வளையமுள்ளவை எத்தனை என்று 2010-ஆம் ஆண்டு அதே தேர்வில் கேட்டார்கள். விடை 5. சைக்ளோபியூட்டீன், 1-மெத்தில்சைக்ளோபுரோப்பீன், 3-மெத்தில்சைக்ளோபுரோப்பீன், மெத்திலீன்சைக்ளோபுரோப்பேன் என்று நான்கு எளிதில் வந்துவிடும். ஐந்தாவதில் இரட்டைப் பிணைப்பே கிடையாது, இரண்டு அலகும் வளையமாகவே செலவாகின்றன: இரண்டு மூன்று கார்பன் வளையங்கள் ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் பைசைக்ளோபியூட்டேன்.